சரோஜா முகம் சுளிக்காமல் குடித்த ரசம்

தம்பி,

இங்கே எல்லாரும் வைத்தது வைத்தபடி இருக்கிறோம். சிவப்புச் சேவல் மட்டும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் வருங்கால மாமியார் வந்த மரியாதைக்கு அது குழம்புக்குள் போய்விட்டது. என் முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழைக்குப் பிறகு வலிக்கிறது, இடையில் உன் அம்மா ஏதாவது வேலை சொன்னாலும் வலிக்கிறது. நாலாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் எழுதுகிற கடிதம் இது. பிழை இருந்தால் பினாங்கில் உன் கூட்டாளிகளிடம் காட்டிச் சிரித்துக்கொள். ஆனால் சிரித்து முடித்த பிறகு தனியாக உட்கார்ந்து இன்னொரு தரம் படி.

உன் அம்மா எதிரில் உட்கார்ந்து இக்கான் பிலிஸ் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவள்தான் சொல்லியிருக்க வேண்டும், நான் எழுதியிருக்க வேண்டும். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் சொன்னா அவன் அழுதுருவான். நீங்க எழுதுங்க. சிரிச்சுக்கிட்டே படிக்க ஆரம்பிப்பான், பாதியில மாட்டிக்குவான்" என்றாள். "நான் என்னா எலிப்பொறியா வைக்கிறேன்?" என்று கேட்டேன். "ஆமாலா, வைங்க" என்றாள். ஆகவே தம்பி, இது பொறி என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். உள்ளே வா.

ஞாயிற்றுக்கிழமை சரோஜாவும் அவள் அம்மாவும் காம்பாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார்கள். கூறைச் சேலை எடுத்தோம், ரவிக்கைத் துணியைத் தையல்காரரிடம் கொடுத்தோம், பிறகு வீட்டுக்குச் சாப்பிட வந்தோம். நம் வீட்டில் புதுச் சொந்தம் முதல் தடவை சாப்பிட உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். அவர்களுடைய ரச டம்ளரில் மட்டும் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கலக்கிவிடுவேன். உன் அக்கா புருஷன் ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதைக்குத் துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், கன்னம் இரண்டும் உப்பிப்போய் வெளிக்குழாய்க்கு ஓடியது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குத்தான் அவர் எனக்கு மருமகன் ஆனார். அதுவரை வெறும் மாப்பிள்ளை. அதே மாதிரி சரோஜாவின் டம்ளரிலும் போட்டேன். கொஞ்சம் தாராளமாகவே போட்டேன், என் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளை என்று.

அவள் எடுத்தாள், குடித்தாள், பாதி டம்ளரைக் காலி பண்ணினாள். முகம் கோணவில்லை. "நல்லா இருக்கு மாமா" என்றாள். நான் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? அடடா, இவள் என்னை மிஞ்சிய கள்ளி, தெரிந்துகொண்டே என்னை ஏமாற்றுகிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் பார்த்தேன். இலையில் சோறு அப்படியே இருந்தது. விரலால் அதை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். சேவல் கறி முழுக்க உன் மாமியார் இலைக்குத்தான் போயிருந்தது. சரோஜா உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள், தண்ணீரையே குடித்தாள், கேட்காத கேள்விக்கெல்லாம் வேகவேகமாகப் பதில் சொன்னாள். டம்ளரைக் கீழே வைத்தபோது அது தண்ணீர்ச் சொம்பில் கடகடவென்று அடித்தது. நான் உன் அம்மாவைப் பார்த்தேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் அந்தக் கையைத் தெரியும்.

அம்மா அவளைப் பாத்திரம் எடுத்து வைக்கிற சாக்கில் அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

"உனக்குப் பசிக்கவே இல்லையா ஆயி?"

"இல்ல அத்தை. காலையில ஒரு மாத்திரை போட்டா பொழுதுக்கும் பசி தெரியாது. கிளினிக்கில குடுக்கிறாங்க. எங்க ஆபீஸ்ல எல்லாரும் போடுறாங்க. பழைய சட்டையெல்லாம் இப்ப எப்பிடி லூசா இருக்கு பாருங்களேன்."

"தூக்கம் வருதா?"

பாத்திரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "தூக்கம்தான் வரல. நெஞ்சு படபடன்னு அடிக்குது. சும்மாவே அழுகை வருது. கல்யாணம் முடிஞ்சதும் விட்டுருவேன் அத்தை. அவர்கிட்ட சொல்லிடாதீங்க. போட்டோவில பாத்துட்டு அவரு அசந்து போகணும்."

அந்தப் போட்டோ எந்தப் போட்டோ என்று உனக்குத் தெரியும் தம்பி. பரிசம் போட்ட அன்றைக்கு, அத்தனை பேர் மத்தியில், "கல்யாணப் போட்டோவில நானும் கொஞ்சம் தெரியணும் சரோ, ஓரத்துல ஒரு காலுக்காவது இடம் விடு" என்று சொன்னது நீ. கூடம் முழுக்கச் சிரித்தது. அதில் சத்தமாகச் சிரித்தது நான்தான். அவளும் சிரித்தாள். நானும் நீயும் வீட்டுக்கு வந்து அதை மறந்துவிட்டோம். அவள் அதைக் காம்பாருக்குக் கொண்டுபோய், தினமும் காலையில் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது உனக்கு உன் அம்மா கதையைச் சொல்ல வேண்டும். உன்னைச் சிலிம் ரிவரில் அத்தை வீட்டில் விட்டுவைத்த கதை. நீ அதைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. ஆனால் கோபம் வரும்போதெல்லாம், "என்னைத்தான் சின்ன வயசுலேயே தள்ளி விட்டீங்களே" என்று ஒரு வார்த்தை போடுவாய். அம்மா பதில் சொல்ல மாட்டாள், எழுந்து போய்த் துணி மடிப்பாள். நீ அவளைத் தப்பாகவே படித்து வைத்திருக்கிறாய்.

எழுபதுகளில் நாம் லகாட் பக்கம் தோட்டத்தில் இருந்தோம். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சாலையோரத்தில் ஒட்டுக்கடை போட்டிருந்தாள், வடையும் தோசையும். நல்ல உருண்டு திரண்ட உடம்பு அவளுக்கு அப்போது. வடை சுட்டால் முதல் வடை அவளுக்குத்தான். "ருசி பாக்காம எப்பிடி விக்கிறது?" என்பாள். ருசி பார்த்தே பாதிச் சட்டி போய்விடும். நீ பள்ளிக்கூடம் சேர்கிற வயசில் உனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் போட்டோம். நீ கண்ணே திறக்கவில்லை. அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்கு ஈப்போவில் பால்குடம் எடுக்கிறேன், ஒரு மண்டலம் ஒரு வேளைச் சோற்றோடு விரதம் இருக்கிறேன் என்று. நீ எழுந்தாய். எழுந்ததும் முதல் வேலையாக என் சட்டைப் பையில் கை விட்டுக் காசு தேடினாய், என் பிள்ளை என்று அப்போதே நிச்சயமாயிற்று.

விரதம் ஆரம்பித்தது. நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற பொம்பளை ஒரு வேளைச் சோற்றோடு எப்படி இருப்பாள்? அவளுக்குப் பசி பயமில்லை, தம்பி. கை பயம். தன்னை அறியாமல் ஒரு துண்டு வடையை வாயில் போட்டுவிட்டால், விரதம் கெட்டு, நீ மறுபடி படுத்துவிடுவாயோ என்ற பயம். அவள் இதைக் கடைக்கு வந்த கிராணியம்மாவிடம், தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவின் சம்சாரத்திடம், சொல்லி அழுதிருக்கிறாள். கிராணியம்மா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷி. அவர் உடம்பு இளைக்க ஈப்போ கிளினிக்கில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். "இஞ்ச பாரும் பிள்ளை, இதைப் போட்டால் பசி எண்டதே தெரியாது. நானும் இதைத்தான் போடுறன். டாக்குத்தர் தந்தது, பயப்பிடாதையும்" என்று தன் பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தார். பாவம், அன்பால் கொடுத்ததுதான். தின்று கொழுத்ததைக் குறைக்கச் செய்த மாத்திரை, தின்ன மறுத்தவள் முந்தானைக்குள் வந்து சேர்ந்தது.

எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா திடீரென்று சுறுசுறுப்பானாள். நான் காட்டிலிருந்து திரும்புவதற்குள் வீடு கூட்டி, துணி துவைத்து, பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துக் கழுவியிருப்பாள். முகத்தில் ஒரு பளபளப்பு. எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைகள், "உன் பொஞ்சாதிமேல சாமி இறங்கியிருக்கு அண்ணே" என்றார்கள். நானும் நம்பினேன். "சாமி இறங்கட்டும், எனக்கு ரெண்டு தோசை போட்டுட்டு இறங்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தோட்டத்துக் கோயிலில் பொங்கலுக்கு அன்னதானச் சமையல் எப்போதும் உன் அம்மாதான். சாமிக்குப் படைக்கிறதை யாரும் ருசி பார்க்கக் கூடாது அல்லவா? அவள் சட்டிமேல் குனிந்து ஆவியை மோந்து பார்ப்பாள், உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று மூக்காலேயே சொல்லிவிடுவாள். ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை. அந்த வருஷம் சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை. கடல் தண்ணீர். சாமிப் பிரசாதம் என்பதால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீரோடு எல்லாரும் குனிந்து சாப்பிட்டார்கள். நான் சும்மா இருப்பேனா? "லூமுட் கடல்லேருந்து லோரி புடிச்சுக் கொண்டாந்தியா புள்ள?" என்றேன்.

எத்தனை வருஷமாக என் கிண்டலுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் அவள். அன்றைக்குக் கரண்டியைத் தூக்கி எறிந்தாள். ஊரே சேர்ந்து தன்னைக் கேலி பண்ணுகிறது, எல்லாருக்கும் தெரியும், பேசிவைத்துச் சிரிக்கிறார்கள் என்று கத்தினாள். வீட்டுக்கு இழுத்துவந்து உட்காரவைத்தேன். முந்தானை முடிச்சை அவளாகவே அவிழ்த்துக் காட்டினாள். வெள்ளை மாத்திரைகள்.

"இது எதுக்கு?"

"பசிக்காம இருக்க."

"பசிக்காம இருந்தா அது விரதமா புள்ள? சாமியையா ஏமாத்துற?"

நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது. அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன், ஆனால் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு அந்த வார்த்தை என்னவாகக் கேட்டது தெரியுமா? விரதம் செல்லாது, ஆகவே பிள்ளை நிலைக்காது என்று கேட்டது. பால்குடம் எடுத்து முடித்த பிறகும் அவள் சோற்றைத் தொடவில்லை. மறுபடி முதலிலிருந்து ஒரு மண்டலம் என்றாள். இந்தத் தடவை மாத்திரை இல்லாமல் என்று சத்தியம் பண்ணினாள். மாத்திரையை விட்டால் எழுந்து நிற்கவே முடியவில்லை, நிற்க வேண்டுமென்றால் மாத்திரை வேண்டியிருந்தது. கிராணியம்மா தருவதை நிறுத்தியதும் இவளே பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய் வாங்கினாள். கன்னம் ஒட்டிப்போன பொம்பளைக்கு இளைக்கிற மாத்திரை எதற்கு என்று அந்தக் கிளினிக்கில் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை, கடையில் ஆள் நிறைந்த நேரம், எண்ணெய்ச் சட்டியைப் பிடித்தபடியே மயங்கி விழுந்தாள். சட்டி கவிழ்ந்தது. நீ பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து சோடா மூடியை அடுக்கிக்கொண்டிருந்தாய். எண்ணெய் உன் காலுக்கு ஒரு சாண் தள்ளி ஓடியது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் கண் விழித்ததும் பார்த்தது அந்தச் சாண் இடைவெளியைத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க படுத்திருக்கீங்க, உங்க நெஞ்சு மட்டும் ஓடிக்கிட்டிருக்கு" என்றார். அவர் சொன்னபடி மாத்திரையை விட்டதும் அவள் ஒரேயடியாகச் சாய்ந்தாள். நாள் கணக்கில் தூக்கம், விழித்தால் அழுகை, சுவரைப் பார்த்துப் படுக்கை. "இவனை இங்க வைக்காதீங்க. என் கை சரியில்ல. நான் இவனைக் கொன்னுருவேன்" என்றாள். அதனால்தான் அத்தை வந்து உன்னைச் சிலிம் ரிவருக்குக் கூட்டிப்போனாள். நீ வாசலில் நின்று "அம்மா, போயிட்டு வாரேன்" என்றபோது அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் உன்னை விட்டிருக்க மாட்டாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் நின்றேன், எனக்குத் தெரிந்தது. நீ இந்தப் பக்கம் நின்றாய், உனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

நான் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். தினமும் வைப்பேன், தினமும் அப்படியே திரும்பி வரும். என் வாழ்நாளில் நான் கிண்டல் பேசாமல் இருந்த மாதங்கள் அவை. யாரிடம் பேசுவது? கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு வாய் வாங்கிக்கொண்டாள், நாக்கைப் புரட்டினாள், முகத்தைச் சுளித்தாள். "உப்பே இல்ல. மனுசன் குடிப்பானா இதை?" என்றாள். தம்பி, எனக்கு அந்த மாதிரி ஏச்சு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. உப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன், கொட்டிவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த பஸ்ஸில் உன்னைக் கூட்டிவரக் கிளம்பினேன். நீ வீட்டுக்குள் வந்து அவளைத் தொடாமல் தள்ளி நின்று, "இனிமே நான் சமர்த்தா இருக்கேன்மா" என்றாய். நீ என்ன தப்புச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தாய் என்று அவள் இன்றைக்கும் சில நாள் என்னைக் கேட்கிறாள்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் சரோஜாவிடம் உன் அம்மாவே சொன்னாள். அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "ரவிக்கையை ரெண்டு இஞ்சு சின்னதா தைக்கச் சொல்லிட்டேனே அத்தை. இப்ப விட்டா அது ஏறாது. அவரு என்னா நினைப்பாரு?" என்றாள். அம்மா எவ்வளவோ சொன்னாள். கடைசியில், "அவரு சொன்னா விட்டுர்றேன்" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பூட்டியவன் நீ, சாவியும் உன்னிடம்தான் இருக்கிறது. அவரிடம் சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டதற்கு, அம்மா முகத்துக்கு நேராகவே, "சொல்லத்தான் போறோம் ஆயி" என்று சொல்லிவிட்டாள். ஆகவே இது ஒளிவு மறைவான வேலை இல்லை.

இந்தச் சனிக்கிழமை லீவு போடு. போன் பண்ணாதே, கடிதம் எழுதாதே. பஸ் ஏறிக் காம்பாருக்குப் போ. வழியில் எதுவும் சாப்பிடாதே, நல்ல பசியோடு போ. "பசியாறலை, சோறு போடு" என்று கேள். அவள் போடுவாள். உனக்கு எதிரில் அவளையும் உட்காரச் சொல். அன்றைக்குப் பரிசத்தில் சொன்னது முட்டாள்தனம் என்று சொல். அதைச் சொல்லும்போது சிரிக்காதே. உனக்கு அது கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும், வாய் தானாகக் கோணும், அது என்னிடமிருந்து வந்த வியாதி. அப்புறம் அவளைக் கூட்டிக்கொண்டு நல்ல டாக்டர் ஒருத்தரைப் பார்த்து, எப்படி விடுவது என்று கேட்டுச் செய்யுங்கள். அவள் சில நாள் எரிந்து விழுவாள், சில நாள் காரணம் இல்லாமல் அழுவாள். கூட இரு. முதுகு காட்டிப் படுத்தால் அந்தப் பக்கம் சுற்றிப் போய் முகத்தைப் பார்.

கிண்டலை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இந்த வீட்டில் யாரும் யாருடனும் பேச முடியாது. ஆனால் ஒன்றைப் பழகிக்கொள். ஒருத்தர் கழற்றி வைக்க முடிகிறதைக் கிண்டல் பண்ணு. மீசையைப் பண்ணு, மோட்டார் சைக்கிளைப் பண்ணு, என் பாட்டைப் பண்ணு. உடம்பை யாராலும் கழற்றி வைக்க முடியாது. முயற்சி செய்கிறவர்களை நான் பார்த்துவிட்டேன், ஒரு தரம் லயத்து வீட்டில், இன்னொரு தரம் போன ஞாயிற்றுக்கிழமை.

நேற்று நானும் அம்மாவும் தையல்காரரிடம் போனோம். ரவிக்கையைப் பழைய அளவுக்கே தைக்கச் சொன்னோம், உள்ளே துணியும் தாராளமாக விடச் சொன்னோம். "எவ்வளவு விடணும் அண்ணே?" என்றார். "அது நல்லாச் சாப்பிட்டுட்டு, நல்லா மூச்சு விட்டுச் சிரிக்கிற அளவுக்கு" என்றேன். அவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கல்யாணத்தன்று பந்தியில் உங்கள் இருவருக்கும் எதிரில் நான்தான் உட்காரப்போகிறேன். சரோஜாவின் ரச டம்ளரில் ஒரு பிடி உப்புப் போடுவேன். அம்மாவுக்கும் தெரியும், இந்தத் தடவை அவளே உப்பை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு வாய் குடித்ததும் அந்தப் பிள்ளை முகம் சுளிக்க வேண்டும், புரையேற வேண்டும், "என்னா மாமா இது!" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி என்னை ஏச வேண்டும். போட்டோக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சரியாக அந்த நேரத்தில் எடுக்கச் சொல்லி. நீ அதில் தெரிகிறாயோ இல்லையோ, கூடத்தில் மாட்டப்போவது அந்தப் படத்தைத்தான்.

அப்பா